பந்தக்கால் குழிகள்

காத்திவாக்கம் பக்கத்துத் தெருக்களில் நடப்பவர்கள் வீடுகளை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் தரையைக் குனிந்து பார்க்க வேண்டும். தெருவின் இரண்டு ஓரங்களிலும், சாக்கடை மூடிக்குச் சற்று உள்ளே தள்ளி, ஒரு சவுக்குக் கழி இறங்கும் அகலத்தில் குழிகள் இருக்கும். எதிரெதிராக, ஜோடி ஜோடியாக. சிலவற்றில் பழைய துணியைச் சுருட்டித் திணித்திருப்பார்கள், மழைத்தண்ணீர் இறங்கித் தார் பெயர்ந்துவிடாமல் இருக்க. சிலவற்றைச் செங்கல் துண்டு மூடியிருக்கும். சிமெண்ட் சாலை போட்ட தெருக்களில் வேலை இன்னும் நேர்த்தி. காரை காய்வதற்குள் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, குழிக்கு வழவழப்பான விளிம்பே கட்டியிருப்பார்கள். ஒப்பந்தக்காரரின் வரைபடத்தில் அந்தக் குழாய் இருந்திருக்காது. அன்று சாயங்காலம் தெருப் பெரியவர் ஒருவர் வந்து, "இங்க ஒண்ணு, எதிர்க்க ஒண்ணு உட்டுடுப்பா" என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பந்தக்காலுக்கான குழிகள் இவை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், ஆடிக்கூழ், சாவு, கட்சிக் கூட்டம், உண்ணாவிரதம் எல்லாவற்றுக்கும் அதே குழிதான். எந்தக் காரியத்துக்காக முதலில் தோண்டினார்கள் என்று யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. ஒரு கூட்டம் எழுந்துபோன பிறகும் அடுத்த கூட்டத்துக்கு இடம்போட்டு வைத்திருக்கும் தெரு இது. வடசென்னையின் கட்டடக் கலை என்று எதையாவது சுட்டிக்காட்டச் சொன்னால், தூணையும் வளைவையும் விட்டுவிட்டு நான் முதலில் இந்தக் குழியைத்தான் காட்டுவேன்.

காத்திவாக்கம் தனி நகராட்சியாக இருந்து 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். மாநகராட்சி தன் மண்டலங்களுக்கு எண் போடத் தொடங்குவது இந்தத் திருவொற்றியூர் மண்டலத்திலிருந்துதான். சென்னைக் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மட்டும் ஜார்ஜ் கோட்டையிலிருந்து தொடங்கித் தெற்கே போய்விடுவார்கள். கிழக்கே கடல். மேற்கே ரயில் பாதை, அதற்கப்பால் பக்கிங்காம் கால்வாய். வடக்கே கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம். இந்த ஒல்லியான நிலத்துக்குள்ளேதான் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய லாரித் தொழிற்சாலையும், 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் நின்றுபோன அனல்மின் நிலையமும், குப்பங்களும், நகர்களும், கோயில்களும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. நல்ல இடத்தையெல்லாம் ஆலைகள் மதில் போட்டு வளைத்துக்கொண்ட பிறகு மிச்சமிருந்தது தெரு. ஆகவே தெருவே கல்யாண மண்டபம், தெருவே சமையல்கட்டு, தெருவே மேடை. வறுமையால் வந்த ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டை இந்த மக்கள் எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கிவிட்டார்கள் என்பதைத்தான் ரசிக்க வேண்டியிருக்கிறது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மன் கோயில் வாசலில் மூன்று மூன்றாகக் கல் வைத்து அடுப்பு மூட்டி, அண்டா ஏற்றிக் கூழ் காய்ச்சுவார்கள். மறுநாள் கல்லை எடுத்துவிடுவார்கள். கரி வட்டம் மட்டும் தாரில் நிற்கும். கோயிலுக்கு நேர் எதிரே வைக்கமாட்டார்கள். சாமி புறப்பாட்டுக்கு வழி வேண்டும். காற்று கடலிலிருந்து வந்தால் புகை எந்த வீட்டுக்குள் போகும் என்ற கணக்கும் உண்டு. அடுத்த வருஷம் வேறு பிள்ளைகள் கல் தூக்கி வருவார்கள், வேறு பெண்கள் துழாவுவார்கள். அடுப்பு மட்டும் அந்தப் பழைய வட்டத்தின் மேலேயே உட்காரும். எழுதி வைக்காத வரைபடம் என்பது இதுதான்.

அன்று இரவே அம்மன் ஊர்வலம். இப்போது தரையை விட்டு மேலே பார்க்க வேண்டும். மின்கம்பியும் கேபிள் ஒயரும் பின்னிக் கிடக்கும் சந்தில், பூ அலங்காரத்தோடு உயர்ந்து வரும் சாமியின் தலை எந்த ஒயரிலும் தட்டக்கூடாது. வண்டிக்கு முன்னால் இரண்டு பையன்கள், நுனியில் கவை உள்ள நீளக் கம்புகளோடு ஓடுவார்கள். ஒயர் வந்ததும் கவையில் கொடுத்து ஏந்தித் தூக்குவார்கள். சாமி கடந்ததும் இறக்குவார்கள். ஏந்தும் வேகத்தில் அவசரம் இருக்கும், இறக்கும்போது ஒரு பக்குவம் இருக்கும், திடுமென விட்டால் எங்கோ ஒரு வீட்டில் டி.வி. நின்றுவிடும். பையன்கள் சோம்பேறித்தனப்பட்ட தெருக்களில் கேபிள்காரரே நிரந்தரமாக ஒயரை ஏற்றிக் கட்டிவிட்டுப் போயிருப்பார். ஒரு தெருவில் ஒயர்கள் திடீரென்று இரண்டு முழம் உயர்ந்து போனால் அது சாமி போகிற தெரு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தெருவின் மாடிகளில் சன்ஷேடும் ஓரடி குறைந்திருக்கும். அதை மாநகராட்சி விதி குறைக்கவில்லை, அம்மனின் கிரீடம் குறைத்தது.

சாவு வீட்டுக்கு வேறு அளவு. ஐஸ் பெட்டி உள்ளே நுழையாத வாசல்கள்தான் இங்கே அதிகம். அதனால் உடலைத் தெருவில் பந்தலின் கீழ்க் கிடத்துவார்கள். கால்மாட்டில் பெண்கள் உட்கார இடம், தள்ளி மேளக்காரர்கள், இன்னும் தள்ளி ஆண்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. இரவு கானா பாடுகிறவர் எங்கே நிற்பார் என்பதுகூடத் தெருவுக்குத் தெரியும்: விளக்குக் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி. குரல் அப்போதுதான் தெரு முழுக்கப் போகும். ஒலியியல் படித்தவர் செய்கிற காரியத்தை, பாடிப் பாடி இடம் பிடித்தவர் செய்கிறார்.

இதே குழிகளில்தான் போராட்டப் பந்தலும் எழுகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பமும் சுற்றுப்புறமும் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடின. அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் வந்து படிந்திருந்தது. விடிந்ததும் மக்கள் ஆலைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் ஒரு நாளில் முடியவில்லை.

இந்தப் பக்கத்துப் போராட்டப் பந்தலுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. கல்யாணப் பந்தல் வீட்டைப் பார்க்கும், இது ஆலையின் கேட்டைப் பார்க்கும். முன்வரிசையில் பெண்கள், பகலில் ஆண்கள் கடலுக்கும் கம்பெனிக்கும் போனாலும் பந்தல் காலியாகத் தெரியக்கூடாது. கோரிக்கைத் தட்டி சாலையில் போகும் பஸ் ஜன்னல் உயரத்துக்குக் கட்டப்படும். பல பத்தாண்டுகள் நடந்த தொழிற்சங்கக் கேட் மீட்டிங்குகள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் நின்று கேட்க வேண்டும், ஆனால் உள்ளே போகிறவர்களை மறித்ததாகப் புகார் வரக்கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நூலிழை இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் தொழிலாளிகள். எதிர்ப்பக்கத்து டீக்கடைகளின் பெஞ்சுகளைப் பாருங்கள். சாலைக்கு முதுகு காட்டிப் போட்ட பெஞ்ச் அபூர்வம். எல்லாம் கேட்டைப் பார்த்துத்தான். சங்கு ஊதியதும் வருகிற கூட்டத்துக்காகப் போட்டது என்பார்கள். மீட்டிங் நடந்தால் அதுவே கேலரி.

கடலோரத்துக் கல்லணையும் அப்படி உருமாறியதுதான். எண்ணூர் விரைவுச் சாலையை அலை தின்றுவிடாமல் இருக்கக் கருங்கல் கொட்டி, இடையிடையே தூண்டில் வளைவுகள் போட்டார்கள். பொறியாளர் கணக்கில் அது அலைக்கான தடை. மனிதர் ஏறுவதற்கென்று ஒரு கல்லும் வைக்கப்படவில்லை. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர் கரையில் கன்னங்கரேலென்று எண்ணெய் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் அரசு ஆட்களும் வாளியோடு இறங்கினார்கள். வழுக்கும் கல்லில் மேலும் கீழும் நடந்தால் விழுந்துவிடுவார்கள். அதனால் ஆளுக்கொரு கல்லில் நிலையாக நின்று, வாளியைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். தடையாகக் கொட்டிய கல் அந்த நாட்களில் படிக்கட்டு ஆயிற்று. இன்றும் அந்தக் கற்களில் எது ஆடும், எது ஆடாது என்று குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆடாத கற்களில் தூண்டில்காரர் உட்காருகிறார், காதலர் உட்காருகிறார்கள், சாயங்காலம் சீட்டாட்டமும் உண்டு.

அதே ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்கு பாடல்' காணொலியாக வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி. சபாவின் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பாட வேண்டிய ராகமாலிகையை, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் சாம்பலும் பின்னணியாக நிற்க, எண்ணூர்க் கழிமுகத்தில் பாடினார். கச்சேரி கேட்பவர்களில் பலர் எண்ணூரை முதன்முதலாகப் பார்த்தது அந்தத் திரையில்தான் இருக்கும். அங்கே ஒரு மேடையும் கட்டவில்லை, ஒரு கல்லும் நகரவில்லை. ஆனால் அந்த வெட்டவெளிக்கு ஒரு முன்பக்கம் கிடைத்துவிட்டது; புகைபோக்கியைப் படமெடுக்கிறவர்கள் இப்போது அந்தக் கோணத்தைத் தேடுகிறார்கள்.

எர்ணாவூரில் 'சுனாமி குடியிருப்பு' என்று ஓர் இடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கட்டிக்கொடுத்த அடுக்கு வீடுகள். ஒரு பேரழிவின் பெயரைச் சொல்லிக் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பார்கள், யாருக்கும் உறுத்துவதில்லை. வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள். அரசுக் குடியிருப்புக்கே உரிய ருசியற்ற வடிவம். மணலில் வாசல் வைத்து வாழ்ந்தவர்களை மாடிப்படியில் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் சுவை. படிக்கட்டின் முதல் திருப்பத்தில் கொஞ்சம் அகலம் இருக்கிறது. அதைத் திண்ணையாக்கினார்கள். தாழ்வாரக் கைப்பிடிச் சுவரில் வலையைப் போட்டுச் சிக்கெடுக்கிறார்கள், அதற்காகச் சுவரில் ஆணி. கீழ்த்தள ஜன்னல் இட்லிக்கடையின் கவுண்டராயிற்று. ஜன்னல் கம்பியில் இரண்டை மட்டும் அறுத்து எடுத்திருப்பார்கள், தட்டு நுழையும் அளவுக்கு, ஆள் நுழைய முடியாத அளவுக்கு. பின்பக்கச் சுவரில் கரியால் மூன்று கோடு இழுத்து ஸ்டம்ப். எந்தச் சுவரில் ஸ்டம்ப் என்பதும் தானாக அமைந்ததல்ல. பந்து அடிபட்டால் திட்டாத வீடு எது என்று சோதித்துப் பார்த்து நிலைபெற்ற சுவர் அது.

பக்கத்திலேயே ஒரு கேரம் மன்றம் இருக்கும். இந்தப் பகுதியில் கேரம் மன்றம் இல்லாத பேட்டையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பலகையின் ஆடுகளம் 29 அங்குலச் சதுரம். அதைச் சுற்றி நாலு பேர், அவர்களின் நாலு முழங்கை, அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட அறைக்குக் கிடையாது. வேடிக்கை பார்ப்பவர்கள் வெளியே நிற்பார்கள். ஆகவே ஜன்னல் இடுப்புயரத்தில் இருக்காது, மார்புயரத்தில் இருக்கும், நின்றபடி முழங்கை ஊன்றிப் பார்க்க. பல்பு பலகைக்கு நேர் மேலே தாழத் தொங்கும். ஆட்டமும் பார்வையாளரும் சேர்ந்து அறையை அளந்துவிட்டார்கள், கொத்தனார் கட்டியதோடு சரி.

தெற்கே திருவொற்றியூருக்கு வந்தால் இதே கதைக்கு ஆயிரம் வருஷத்து வேர். ஆதிபுரீசுவரர் கருவறை விமானம் தூங்கானை மாடம்; பின்புறம் யானையின் முதுகாக வளைந்து இறங்கும். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் சொல்ல, ரவி என்ற வீரசோழத் தச்சன் கருங்கல்லில் எழுப்பியது என்று கல்வெட்டே பெயர் சொல்கிறது. தச்சன் பெயர் கல்லில் நிற்பது தமிழ்நாட்டில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற பாக்கியமல்ல. பிராகாரம் சுற்றும்போது அந்த வளைவின் அருகே நடையைக் கவனியுங்கள். சதுரமான கருவறையின் மூலையில் கால் ஒரு கணம் தயங்கித் திரும்பும். இங்கே தயக்கம் இல்லை. நடக்கிறவரின் காலுக்கு ஏற்பக் கல் வளைந்து கொடுத்ததுபோல் இருக்கிறது.

இந்தக் கோயிலில் என்னை அதிகம் கவர்வது மகிழ மரம். சங்கிலியாரை மணக்க வந்த சுந்தரர், பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சந்நிதியில் சத்தியம் செய்தால் மீற முடியாதே என்று, நான் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே ரகசியமாகக் கேட்டுக்கொண்டார். சிவனோ சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். ஒரு தெய்வத்தையும் ஒரு பக்தனையும் ஒரு பெண்ணையும் வைத்து, கருவறையின் மதிப்பு மரத்தடிக்கு நகர்ந்த கதை. அந்த நகர்வு அப்படியே நிலைத்தும்விட்டது. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. இரண்டாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, மகிழடியில் ராஜராஜன் திருமண்டபத்தில் சாமி எழுந்தருளி ஆளுடைய நம்பியின், அதாவது சுந்தரரின், புராணம் கேட்டதையும், அரசன் உடனிருந்ததையும் சொல்கிறது. முதலில் ஒரு சத்தியம், அதை நினைத்துக் கூடிய கூட்டம், கூட்டத்துக்காக ஒரு மண்டபம் என்று வரிசை போயிருக்க வேண்டும். சாமியே உற்சவராய் வெளியே வந்து கதை கேட்க உட்கார்ந்துவிட்டால் அரசனுக்கு வேறு வழி ஏது!

தேர் ஓட்டமும் அப்படித்தான் நிலத்தில் எழுதியிருக்கிறது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபோது, ஒரு நிலையத்துக்குத் திருவொற்றியூர் தேரடி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பாதையில் சுங்கம் வசூலித்த இடம் டோல்கேட், 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் காலடிப்பேட்டை, தீப்பெட்டிக் கம்பெனியால் வந்தது விம்கோ நகர். கவர்னர் போயாயிற்று, சுங்கச் சாவடி போயாயிற்று. தேர் மட்டும் இன்னும் தன் பெயரில் ஓடுகிறது.

ராயபுரத்தில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு இடங்கள் இருக்கின்றன. ராயபுரம் ரயில் நிலையம் 1856 ஜூன் 28-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஜூலை 1-ல் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. வெள்ளைத் தூண்கள், உயரக் கூடம், கவர்னரும் விருந்தினரும் கூடும் ஒரு வைபவத்தை மனதில் வைத்துக் கட்டிய கம்பீரம். நாட்டில் அந்தக் காலத்திலிருந்து நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுதான் என்பார்கள். வைபவம் முடிந்தது. பிறகு ரயில்கள் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் போய்விட்டன. தூண்கள் அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றில் யாரும் சாய்ந்து தேய்ந்த இடம் எதுவும் எனக்குக் கண்ணில் படவில்லை.

கொஞ்ச தூரத்தில் ராபின்சன் பூங்கா. கட்டடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத திடல். பவளக்காரத் தெருவில் 1949 செப்டம்பர் 17-ல் முடிவெடுத்த திராவிட முன்னேற்றக் கழகம், மறுநாள் இங்கே கொட்டும் மழையில் பொதுக்கூட்டம் போட்டுத் தன்னை அறிவித்தது. அண்ணா பேசினார், கூட்டம் நனைந்துகொண்டு நின்றது. இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. அந்த ஒரு மாலைக்குப் பிறகு தமிழ்நாட்டின் முச்சந்திகளுக்கெல்லாம் ஒரு புது உறுப்பு முளைத்தது. கொடிக்கம்பம்.

அதன் பீடத்தை யாரும் சரியாக ரசித்து எழுதியதில்லை. கீழே அகலமான படி, மேலே குறுகும் இரண்டு படி, கழிவறைக்கு வாங்கியதில் மிஞ்சிய டைல்ஸ், ஒரு பக்கம் திறந்துவைத்தவர் பெயர் வெட்டிய பளிங்குப் பலகை. கட்சிக்குக் கட்சி டைல்ஸ் நிறம் மாறும், உட்காரும் உயரம் மாறாது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பொது இடங்களில் உள்ள கம்பங்களை அகற்றச் சொன்னது. வழக்கு அதற்குப் பிறகு மேல் அமர்வுகளுக்குப் போனது. தீர்ப்பு எப்படி வந்தாலும் கம்பத்தை அறுப்பது சுலபம், பீடத்தைப் பெயர்க்க ஆளும் இயந்திரமும் வேண்டும். காத்திவாக்கம் பக்கம் அதன் மேற்படியில் தாயக்கட்டம் கீறி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆட்டம் மும்முரமாகிவிட்டால், கட்சிக்காரர் வந்தாலும் "கொஞ்சம் நில்லுபா, பழம் ஏறட்டும்" என்பார்கள்.